கிழக்குச் சுவரில் ஒண்ணும் இல்லை

எங்கள் ஊர் மேஸ்வாரில் சின்னப் பிள்ளைகளைக் காலையில் விட்டுவிட்டு வேலைக்குப் போகிறவர்களுக்கு இருப்பது ஒரே வீடு, சொமோடி லெங்கெயின் வீடு. அந்தக் குளிர்காலத்தில் அங்கே மூன்று பிள்ளைகள் இருந்தார்கள். என் மகன் ஹுனோருக்கு நாலு வயது. குவாரி வெடிக்காரன் தேனேஷின் மகள் போரிக்கு ஐந்து. ரொட்டிக் கடைக்காரியின் மகன் ஸலானுக்கு மூன்றுகூட நிரம்பவில்லை. மாலையில் கூட்டிவரப் போனால் மூன்று பேருக்கும் கன்னம் சிவந்து மூக்கு ஒழுகும், கோட்டுப் பையில் அவித்த உருளைக்கிழங்கின் தோல் கிடக்கும். எங்கே போனீர்கள் என்று கேட்கத் தேவையில்லை. குவாரிக்குத்தான் போயிருப்பார்கள்.

லெங்கெ முன்பு குவாரி கேன்டீனில் சமையல்காரியாக இருந்தவர். அடுப்புக்குப் பக்கத்து ஜன்னலைத் திறந்தால் நேர் எதிரே கிழக்குச் சுவர் தெரியும். ஒரு ஜனவரியில் பீன்ஸ் சூப்பைக் கிளறிக்கொண்டிருந்தவர், சுண்ணாம்புப் பாறையில் சாம்பல் நிறமாக ஏதோ ஒன்று எலிபோல ஏறுவதைப் பார்த்தார். எலி என்றே நினைத்தார். அது இறக்கையை விரித்தது. உள்ளே ரத்தச் சிவப்பு. ஏறியது, விரித்தது, மூடியது, மறுபடி ஏறியது. சூப் அடிப்பிடித்துவிட்டது. அன்றைக்குச் சாப்பிட உட்கார்ந்தவர்கள் இன்றுவரை அதைச் சொல்லிக்காட்டுகிறார்கள். அப்போது புதிதாக வேலைக்குச் சேர்ந்திருந்த தேனேஷும் அதில் ஒருவன்.

அந்தப் பறவையை நாங்கள் விடியல் குருவி என்போம். கோடையில் அது ஆல்ப்ஸிலும் கார்பாத்திய உச்சிகளிலும் மனிதக் கால் படாத பாறைகளில் இருக்கும். அங்கே பாறையைப் பனி மூடியதும் கீழே இறங்கி, எங்கள் குவாரி மாதிரி ஏதாவது செங்குத்துச் சுவரில் சிலந்தி தேடிக்கொண்டு குளிர் முடியும்வரை தங்கும். எல்லா வருஷமும் வராது. வந்த வருஷத்திலும் எல்லா நாளும் கண்ணில் படாது. சிட்டுக்குருவியைவிடக் கொஞ்சம்தான் பெரியது, சாம்பல் சுவரில் சாம்பலாக ஒட்டிக்கொண்டிருக்கும். இறக்கையை விரிக்கிற நொடியில் நம் கண் அந்த இடத்தில் இருந்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை.

கேன்டீன் மூடிய பிறகு லெங்கெ ஒரு பழைய டெலஸ்கோப் வாங்கினார். யாரும் அவருக்கு எதுவும் கற்றுக்கொடுக்கவில்லை. சுவரைப் பார்த்துப் பார்த்தே கற்றுக்கொண்டார். வட்டார இயற்கைக் காவலர் ஒவ்வொரு குளிர்காலமும் போன் செய்து குருவி வந்திருக்கிறதா என்று கேட்பார். இத்தனை வருஷத்தில் லெங்கெ இரண்டு முறைதான் "இருக்கிறது" என்று சொல்லியிருக்கிறார். மற்ற எல்லா வருஷமும் "ஒண்ணும் இல்லை". அதனாலேயே அவர் "இருக்கிறது" என்றால் காவலர் வந்து பார்ப்பதுகூட இல்லை.

பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை வந்த பிறகு தனியாகப் போக நேரமில்லை. அதனால் அவர்களையும் கூட்டிப்போனார். சறுக்குவண்டியில் ஸலான் உட்காருவான், மற்ற இருவரும் கயிறு பிடித்து இழுப்பார்கள். இப்போதெல்லாம் டிசம்பர் நடுவிலேயே குவாரி வேலையை நிறுத்திவிடும், மார்ச்சில்தான் மறுபடி தொடங்கும். வாட்ச்மேன் கேட்டைத் திறந்து விடுவார். பழைய கேன்டீன் முற்றத்தில், சுவரிலிருந்து கல் உருண்டாலும் எட்டாத தூரத்தில், வைக்கோல் சாக்கு போட்டு உட்காருவார்கள். ஆளுக்கொரு அவித்த உருளைக்கிழங்கு சுடச்சுடப் பையில் இருக்கும். முதலில் அது கையைச் சூடாக்க, அப்புறம் தின்ன.

முதல் வாரம் பிள்ளைகள் குருவியை நிமிஷத்துக்கு ஒன்றாகப் பார்த்தார்கள்.

"அத்தை, அதோ!"

"எங்கடா?"

"பறந்துடுச்சு!"

பார்த்தேன் என்றால் அத்தை சந்தோஷப்படுகிறார் என்று அவர்களுக்குத் தெரிந்துவிட்டது. லெங்கெ இரண்டு நாள் யோசித்து ஒரு வழி செய்தார். விரிசல்களை வைத்துச் சுவரை அறைகளாகப் பிரித்தார். பெயரை அவர்களே வைத்தார்கள். நடுவில் கரி பிடித்த மாதிரி கறுத்த இடம் சமையலறை, ஹுனோருடையது. இடது பக்கம் மாட்டு வாய், அது போரிக்கு. கீழே வழுவழுப்பான வழுக்கைத் தலையை ஸலானுக்குக் கொடுத்தார்கள். அங்கே குருவி உட்கார வழியே கிடையாது, ஆனால் அவனுக்கு அது பிடித்திருந்தது. ஒவ்வொருவரும் தன் அறையை மட்டும் பார்க்க வேண்டும். லெங்கெ வரிசையாகக் கேட்பார். ஒன்றும் தெரியாவிட்டால் "ஒண்ணும் இல்ல" என்று தைரியமாகச் சொல்ல வேண்டும். அப்படிச் சொன்ன பிறகுதான் கிழங்கைத் தின்னலாம்.

கிழங்கு விஷயத்தில் போரி கெட்டிக்காரி.

"போரி, உன் அறையில என்ன?"

"ஒண்ணும் இல்ல. தின்னட்டுமா?"

"பாத்துச் சொல்றியா, பாக்காமயே சொல்றியா?"

"பாத்தேன். கல்லு இருக்கு."

அந்த வருஷம் ஜனவரி பிறந்ததும் ஒரு செய்தி வந்தது. புது நெடுஞ்சாலைக்குக் கல் வேண்டுமாம். குவாரி மார்ச் வரை காத்திருக்காமல் ஜனவரியிலேயே கிழக்குச் சுவரில் வெடி வைக்கப் போகிறது. ஆனால் அனுமதியில் ஒரு நிபந்தனை இருந்தது. சுவரில் விடியல் குருவி குளிர்காலம் கழித்தால், அது கிளம்பும்வரை அங்கே வெடி கூடாது. இருக்கிறதா இல்லையா என்று சனிக்கிழமை நண்பகலுக்குள் காவலர் சொல்ல வேண்டும். காவலர் லெங்கெயிடம் கேட்டார்.

லெங்கெக்கு அந்தச் சுவர் வேண்டும். சமையலறை, மாட்டு வாய் எல்லாம் மார்ச் வரையாவது நிற்க வேண்டும். அதை அவர் யாரிடமும் மறைக்கவில்லை. தேனேஷுக்கு வேலை வேண்டும். டிசம்பரிலிருந்து சும்மா வீட்டில் உட்கார்ந்திருந்தான். அவனும் மறைக்கவில்லை.

அந்த வாரம் வியாழக்கிழமை. வடக்கிலிருந்து காற்று. கல் உடைக்கும் எந்திரத்துக்குக் கீழே மலைச் சாம்பல் குருவிகள் ஒரு கூட்டமாகக் களை விதை பொறுக்கிக்கொண்டிருந்தன. அவையும் உச்சிகளிலிருந்து இறங்கி வந்தவைதான், ஆனால் ஆளைக் கண்டு பயப்படாதவை. ஸலான் அவற்றுக்குக் கிழங்கை எறிந்துகொண்டிருந்தான். அப்போது ஹுனோர் எழுந்து நின்றான்.

"அத்தை, சமையலறையில சிவப்பு!"

லெங்கெ டெலஸ்கோப்பைத் திருப்பினார். கறுத்த இடத்துக்கு மேலே விரிசலில் சிவப்பு துடித்தது. மறைந்தது. மறுபடி துடித்தது.

"போரி, நீயும் பாரு, சமையலறையில!"

"ஒண்ணும் இல்ல. அது அப்பாவோட நூலு."

"சும்மா இரு."

அந்த நேரத்தில் ஸலான் அவர் கோட்டைப் பிடித்து இழுத்தான்.

"அத்தை, வந்துடுச்சு."

"ஆமாடா கண்ணு, வந்துடுச்சு, அங்க பாரு!"

"இல்ல அத்தை. மூத்திரம்."

குனிந்து பார்த்தால் கால்சட்டை முட்டிவரை நனைந்திருந்தது. அந்தக் குளிரில் கொஞ்சம் விட்டால் துணி விறைத்துவிடும். லெங்கெ டெலஸ்கோப்பை மடக்கி, தன் சால்வையைப் பிள்ளையின் இடுப்பில் சுற்றி, வண்டியில் போட்டு, மற்ற இருவரையும் கூட்டிக்கொண்டு வீட்டுக்கு ஓடினார். துணி மாற்றி, கால் தேய்த்து, சூடாக லிண்டன் பூத் தேநீர் கொடுத்து முடிப்பதற்குள் வெளியே இருட்டிவிட்டது. பார்த்தது அவ்வளவுதான்.

அன்று மாலை காவலருக்குப் போன் செய்தார். "இருக்கு போலிருக்கு" என்றார்.

"போலன்னு வேணாம், லெங்கெம்மா," என்றார் காவலர். "சனிக்கிழமை பன்னெண்டு மணிக்குள்ள இருக்கு, இல்லன்னு ஒரு வார்த்தை. உங்க வார்த்தை எனக்குப் போதும்."

வெள்ளிக்கிழமை முழுக்க மூடுபனி. மூக்குக்கு முன்னால் கை தெரியவில்லை. மாலையில் நான் ஹுனோரைக் கூட்டிவரப் போனபோது தேனேஷ் வாசலில் நின்றுகொண்டிருந்தான். என்னோடு பள்ளியில் படித்தவன். வணக்கம்கூடச் சொல்லவில்லை.

"லெங்கெ அக்கா, அது என் திரி."

"என்ன திரி?"

"நவம்பர்ல வெச்ச வெடியோட திரி. துளைக்குள்ளேருந்து வெளிய இழுத்து விடுவோமே, செவப்புப் பிளாஸ்டிக், நூல் மாதிரி. வெடிச்ச பிறகு துண்டு துண்டா விரிசல்ல மாட்டிக்கும். காத்தடிச்சா ஆடும். எங்க போரி நேத்தே சொன்னாளாமே."

"உங்க போரி கிழங்குக்காக எதை வேணாலும் சொல்லுவா."

"நான் ஒண்ணும் இல்லன்னுதான் சொன்னேன்," என்றாள் போரி, பூட்ஸுக்குள் காலை நுழைத்துக்கொண்டே.

"நீ தினமும் அதைத்தானடி சொல்ற!"

தேனேஷ் குரலைத் தணித்தான். "நாளைக்குக் கயிறு கட்டி மேலேருந்து எறங்கி எடுத்துட்டு வந்து காட்டறேன். அப்ப நம்புவீங்களா?"

"எப்படிடா நம்பறது? உன் சட்டைப் பையில அந்தத் துண்டு எப்பவும் கெடக்கும். கேன்டீன் மேஜையெல்லாம் கொட்டிட்டுப் போவியே, நான்தான் பெருக்குவேன்."

தேனேஷ் பையிலிருந்து கையை எடுத்தான். நிஜமாகவே விரலோடு ஒரு சிவப்புத் துண்டு வந்தது. போரி சிரித்துவிட்டாள். நானும் வாயைப் பொத்திக்கொண்டேன். தேனேஷுக்கு முகம் சிவந்தது.

"சரி, நான் பொய்யன். எனக்கு வேலை வேணும், அதனால பொய் சொல்றேன். நீங்க யாரு? செவப்பக் கண்டதும் சூப்ப அடிப்பிடிக்க விட்டவங்கதானே. செவப்பு ஆடினா உங்களுக்கு வேற எதுவும் கண்ணுக்குத் தெரியாது."

லெங்கெ போரியின் கையுறையைத் தலைகீழாக மாட்டிவிட்டு, கழற்றி, சரியாக மாட்டினார்.

சனிக்கிழமை பிள்ளைகளுக்கு விடுமுறை. ஆனால் ரொட்டிக் கடைக்கு ஏது விடுமுறை, ஸலான் லெங்கெ வீட்டில்தான் இருந்தான். ஹுனோர் காலையிலிருந்தே தன் சமையலறைக்குப் போக வேண்டும் என்று அழுதான். நான் கூட்டிப்போனேன். முற்றத்தில் தேனேஷும் போரியும் ஏற்கெனவே இருந்தார்கள். தேனேஷ் தொப்பியைக் காதுவரை இழுத்துவிட்டுக்கொண்டு, யாரையும் பார்க்காமல் நின்றான். கயிறு கொண்டுவரவில்லை.

ஸலானோடு வந்து சேர்ந்த லெங்கெ செய்த முதல் வேலை, மூன்று பிள்ளைகளையும் கேன்டீனுக்குப் பின்னால் வரிசையாக நிறுத்தி ஒன்றுக்குப் போக வைத்தது.

"எனக்கு வரல," என்றான் ஹுனோர்.

"வரவழை."

மூடுபனி விலகவில்லை. பன்றிக்கொழுப்பு தடவிய ரொட்டியும் வெங்காயமும் தின்றோம். ஸலான் என் மடியில் தூங்கிப்போனான். பதினோரு மணிக்கு மேல் மேலே வெளுத்தது. சுவரின் உச்சி தெரிந்தது, அப்புறம் மாட்டு வாய், அப்புறம் சமையலறை. சிவப்பு அங்கேயே இருந்தது. அதே விரிசல். துடித்தது.

"இருக்கு, அத்தை!" என்று ஹுனோர் குதித்தான்.

லெங்கெ டெலஸ்கோப்பில் கண்ணை வைத்தார். எடுக்கவில்லை. நான் டெலஸ்கோப் இல்லாமல் பார்த்தேன். எனக்கு அது குருவிதான். சத்தியம் செய்யச் சொன்னால் செய்திருப்பேன். காற்று கொஞ்சம் ஓய்ந்தது. சிவப்பும் ஓய்ந்தது. காற்று வந்தது, சிவப்பு துடித்தது. மறுபடி ஓய்ந்தது. லெங்கெயின் கண்ணிலிருந்து நீர் வழிந்து கன்னத்தில் உறைந்தது. அது குளிரினால். நெடுநேரம் ஒரே இடத்தை உற்றுப் பார்த்தால் எல்லாருக்கும் அப்படித்தான் ஆகும்.

பிறகு அவர் சமையலறையை விட்டுவிட்டு, சுவர் முழுவதையும் ஒரு மூலையிலிருந்து தொடங்கி விரிசல் விரிசலாகப் பார்த்தார். அவசரமே இல்லை. நான் கடிகாரத்தைப் பார்ப்பதும் தேனேஷ் என்னைப் பார்ப்பதுமாக இருந்தோம். வழுக்கைத் தலையைக்கூட அவர் விடவில்லை. முடித்ததும் நிமிர்ந்து முதுகைப் பிடித்துக்கொண்டார்.

"ஹுனோர், உன் அறையில என்ன?"

ஹுனோர் என்னைப் பார்த்தான், சுவரைப் பார்த்தான். "சிவப்பு."

"நகர்ந்துச்சா?"

"ஆடுச்சு."

"ஆடறது வேற. வேற இடத்துக்குப் போச்சா?"

அவன் உதடு பிதுங்கியது. "இல்ல."

"போரி?"

"ஒண்ணும் இல்ல."

லெங்கெ கையுறையைப் பல்லால் கடித்துக் கழற்றிவிட்டுப் போனை எடுத்தார். "காவலரே, லெங்கெ பேசறேன். ஒண்ணும் இல்ல." அந்தப் பக்கம் ஏதோ கேட்டார்கள். "வியாழக்கிழமை நான் பாத்தது திரி. வெடித் திரி. ஆமா, நிச்சயமா. ஒண்ணும் இல்லன்னு எழுதிக்கோங்க."

போனை உள்ளே வைத்துவிட்டுக் கிழங்கைப் பங்கு போட்டார். ஒன்று மிச்சம் இருந்தது. அதை தேனேஷிடம் நீட்டினார்.

"தின்னு. ஆறிப்போச்சு."

அவன் தோலோடு தின்றான்.

அடுத்த புதன்கிழமை வெடி வைத்தார்கள். லெங்கெ பிள்ளைகளைக் கோயில் மேட்டுக்குக் கூட்டிப்போய்க் காதைப் பொத்திக்கொள்ளச் சொன்னார். சங்கு ஊதியது. சுவர் முதலில் வீங்கியது போலிருந்ததாம், அப்புறம் உட்கார்ந்ததாம். இதை ஹுனோர் எனக்கு ஒரு வாரம் செய்து காட்டினான். புழுதி அடங்கியதும் ஸலான் கேட்டிருக்கிறான்:

"என் வழுக்கைத் தலை எங்க?"

"லாரியில ஏறப் போகுது," என்றாளாம் போரி.

லெங்கெ அதற்குப் பிறகு குவாரிப் பக்கம் போகவில்லை. குளத்தில் உறைபனி மேல் வாத்து பார்க்கக் கூட்டிப்போனார். பிள்ளைகளுக்கு அது அலுப்பாக இருந்தது. வாத்துக்கு அறை கிடையாது.

பிப்ரவரி நடுவில் ஒரு மத்தியானம், பிள்ளைகளுக்கு நூடுல்ஸில் கசகசா தூவிக்கொண்டிருந்தபோது போன் வந்தது. தேனேஷ் குவாரியிலிருந்து கிசுகிசுப்பாகப் பேசினான்.

"அக்கா. செவப்பு."

"எதுல?"

"புதுச் சுவர்ல. போன வாரம் மறுபடி வெடிச்ச எடத்துல. கல்லு தொங்குதான்னு பாக்க வந்தேன்."

"திரியா இருக்கும்டா."

"என் திரி எதுன்னு எனக்குத் தெரியாதா? இப்பல்லாம் மஞ்சள் திரிதான் வருது. காத்தே இல்ல அக்கா. அது ஏறுது. கீழேருந்து ஏறி மேல போயி, பட்டாம்பூச்சி மாதிரி பறந்து திரும்பக் கீழ வந்து, மறுபடி ஏறுது. அர மணி நேரமா பாக்கறேன், என் கழுத்து ஒடிஞ்சுபோச்சு."

லெங்கெ கரண்டியைக் கீழே வைத்தார். "அடுத்த வெடி எப்ப?"

"நாளைக்கு. துளை போட்டாச்சு. மருந்து இன்னும் ஏத்தல."

"யார்கிட்ட சொன்ன?"

"உங்ககிட்ட."

"இருக்குன்னு தெரிஞ்சா நிறுத்திடுவாங்க. உனக்குத் தெரியும்ல?"

"எனக்குத் தெரியாமயா போன் பண்றேன்? சீக்கிரம் வாங்க. நான் சொன்னா எவன் நம்புவான்? நான்தான் ஊரறிஞ்ச பொய்யன் ஆச்சே."

நூடுல்ஸை அப்படியே விட்டுவிட்டுப் போனார்கள். கிழங்கு அவிக்க நேரமில்லை. புதுச் சுவர் பால்போல வெளுப்பாக இருந்தது. அதனால் ஸலானுக்குக்கூட அது தெரிந்தது. சாம்பலாக ஒரு சின்ன உடல், வளைந்த நீள மூக்கு, ஒவ்வொரு தாவலுக்கும் சிவப்பு திறந்து மூடியது, சிவப்பின் ஓரத்தில் வெள்ளைப் பொட்டு. மூன்று பிள்ளைகளும் சத்தமே போடவில்லை. லெங்கெ வரிசையாகக் கேட்டார். ஹுனோர், "இருக்கு. வேற இடத்துக்குப் போச்சு," என்றான். ஸலானும் "இருக்கு" என்றான். போரி கொஞ்சம் யோசித்தாள்.

"இருக்குன்னு சொன்னாலும் கிழங்கு உண்டா?"

லெங்கெ காவலருக்குப் போன் செய்தார். அன்று மாலையே வெடியை நிறுத்திவைத்தார்கள். தேனேஷும் அவனோடு வேலை செய்கிறவர்களும் மறுபடி வீட்டில் உட்கார்ந்தார்கள். மதுக்கடையில் குருவியைச் சொல்லி அவனை விடாமல் கிண்டல் செய்தார்கள். "உன் சம்பந்தி எப்பய்யா ஊருக்குப் போறாரு?" என்பார்கள். "விருந்து முடிஞ்சுதா, இன்னும் பாக்கி இருக்கா?" என்பார்கள். ஒருவன் நிஜமான கோபத்தில் அவன் முகத்துக்கு நேராகவே கெட்ட வார்த்தை சொன்னான். தேனேஷ் அதையெல்லாம் கேட்டுக்கொண்டான். ஆனால் தினமும் மாலை போரியைக் கூட்டிப்போக வரும்போது வாசலிலேயே கேட்பான்:

"போயிடுச்சா?"

"இல்லடா."

"நல்லாப் பாத்தீங்களா?"

"உன்னைப் பாக்கற மாதிரி பாத்தேன்."

"தொலையட்டும்," என்பான். ஒருநாள் அவனே ஒரு பை நிறையக் கிழங்கு கொண்டுவந்து கொடுத்தான்.

புதுச் சுவருக்கு அறை பிரிப்பதில் பிள்ளைகளுக்குள் பெரிய சண்டை. அதில் வழுக்கைத் தலை எங்கும் இல்லை. கடைசியில் ஸலானுக்கு ஒரு மூலையைக் கொடுத்து அதற்கு லாரி என்று பெயர் வைத்தார்கள்.

மார்ச் பிறப்பதற்கு முன்பே ஒரு வெயில் வந்தது. கூரையில் பனி சொட்ட ஆரம்பித்தது. அன்று சுவரில் குருவி கண்ணில் படவில்லை. மறுநாளும் லெங்கெ பிள்ளைகளோடு காலையிலேயே போய், மதியச் சாப்பாட்டையும் அங்கேயே முடித்து, வெளிச்சம் இருக்கும்வரை உட்கார்ந்தார். ஒவ்வொரு விரிசலாகப் பார்த்தார். பிள்ளைகளிடம் எத்தனை முறை கேட்டார் என்று கணக்கில்லை. ஹுனோர் சொல்லிச் சொல்லிக் களைத்து, சாக்கின் மேலேயே படுத்துவிட்டான். இன்னும் இரண்டு நாள் பார்க்கிறேன் என்று லெங்கெ சொல்லியிருக்கலாம். அவரை யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

நான் கூட்டிவரப் போனபோது அவர் முற்றத்தில் டெலஸ்கோப்பை மடக்கிக்கொண்டிருந்தார். போனைக் காதில் வைத்திருந்தார். காவலரிடம் பேசுகிறார் என்று நினைத்தேன்.

"ஒண்ணும் இல்ல, தேனேஷு," என்றார். "நேத்தும் இல்ல, இன்னைக்கும் இல்ல. உன்கிட்ட சொல்லிட்டு அவருக்குப் பேசலாம்னு."

போன் ஒலிபெருக்கியில் இருந்தது, பிள்ளைகள் தட்டிவிட்டிருப்பார்கள்.

"சரி அக்கா," என்றான் தேனேஷ். "புள்ளைங்கள நாளன்னைக்குக் காதைப் பொத்திக்கச் சொல்லுங்க."